பேசாத நேரத்துக்குக் கணக்கில்லை

பிலிப்பைன்ஸில், பாகியோ மலைமேல் இருந்த அந்த வீட்டுக்கு வெளிக்கதவு உண்டு, பூட்டு கிடையாது. காவல்காரன்கூடப் பாதி நேரம் பைன் மரத்தடியில் வெயில் காய்ந்துகொண்டிருப்பான். யார் வேண்டுமானாலும் எழுந்து நடந்து போகலாம். மெர்லிண்டா பலமுறை அந்தக் கதவு வரைக்கும் போயிருக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள் வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். பூட்டியிருந்தாலாவது உடைத்துக்கொண்டு போயிருப்பாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்குக் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

மெர்லிண்டா இலோய்லோக்காரி. அந்த ஊர்க்காரர்கள் பேசினால் தேன் சொட்டும் என்று நாடு முழுக்கப் பேர். "இலோய்லோக்காரி உன்னைச் செருப்பால அடிப்பேன்னு சொன்னாக்கூட, எப்ப வரட்டும்னு கேக்கத் தோணும்" என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தக் குரலுக்காகத்தான் கம்பெனி அவளைத் தேடிப் பிடித்தது. கடல் தாண்டி எங்கோ முதியோர் இல்லங்கள் நடத்துகிறவர்கள், அங்கிருக்கும் கிழவர் கிழவிகளோடு பேசிக்கொண்டிருக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிற இயந்திரம் போதாது. அது சிரிக்க வேண்டும், பரிதாபப்பட வேண்டும், செல்லமாகக் கடிந்துகொள்ள வேண்டும், ஒரு மனுஷி யோசிப்பதுபோல் யோசிக்க வேண்டும். அதற்குப் பார்த்துப் பழக உயிருள்ள ஒருத்தி மாதிரி ஆளாக வேண்டும். வயதானவர்களைக் குளிப்பாட்டியும் ஊட்டியுமே தன் வாலிபத்தைக் கழித்த மெர்லிண்டா அந்த மாதிரி ஆள் ஆனாள். அவளைப் பார்த்து உருவாகிக்கொண்டிருந்த இயந்திரத்தை வீட்டில் எல்லோரும் 'இரட்டை' என்றார்கள்.

இரட்டை தேறும்வரை மாதிரி ஆள் வீட்டை விட்டுப் போகக் கூடாது, வெளியே யாரோடும் தனியாகப் பேசக் கூடாது, நடுவில் கிளம்பினால் வழக்கு. ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று வாயால் சொன்னார்கள். வாயால் சொன்னதை யார் எழுதி வாங்குகிறார்கள்? அவளும் வாங்கவில்லை.

காலையில் அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்கள். சட்டைக் காலரில் மைக், மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டை, எதிரே திரை. இயந்திரத்துக்கு மனசு எழுதிக்கொண்டிருந்த அர்னெல் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு சூழ்நிலையாகச் சொல்லுவான். அவளைவிட இளையவன். 'ஆத்தே' என்று கூப்பிடுவான், அவர்கள் பேச்சில் அக்கா.

"ஆத்தே, நீங்க பாத்துக்கிற தாத்தா கஞ்சிக் கிண்ணத்தத் தூக்கி உங்க மேல எறிஞ்சுட்டாரு. என்ன சொல்லுவீங்க?"

மெர்லிண்டா யோசிக்கவே இல்லை. சிரித்துவிட்டாள். "ஐயோ தாத்தா, நான் இன்னிக்கிக் குளிக்கலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அருமை. உள்ளுக்குள்ள கோபம் வந்துச்சா? பத்துக்கு எத்தனை?"

"கோபத்துக்கு மார்க்கா? நான் என்ன டீச்சரா சார்?"

"தோராயமாச் சொல்லுங்க ஆத்தே."

"கஞ்சி சூடா இருந்தா ஏழு. ஆறிப்போயிருந்தா மூணு."

அர்னெல் இரண்டையும் எழுதிக்கொண்டான். அவன் வேலையே அதுதான். அவள் சொன்ன சொல், சொன்னபோது துடித்த நாடி, எதற்காகச் சிரித்தாள், எதை அடக்கிக்கொண்டாள் எல்லாவற்றையும் பிரித்துப் பெயரிட்டு இயந்திரத்துக்கு ஊட்டுவான். முதல் மாதத்தில் இரட்டை மழலையாக உளறியது. இரண்டாவது மாதத்தில் அவளைப் போலவே "ஐயோ தாத்தா" என்று ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டது. வயதான சமையல்காரி மனாங் சபேல் ஒருநாள் காபி கொண்டுவந்தபோது திரையிலிருந்து வந்த குரலைக் கேட்டுவிட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அடியே, பேயத் துரத்தறதப் பாத்திருக்கேன். இவங்க பேய உக்கார வச்சுச் சோறு போட்டு வளக்கறாங்க" என்றாள்.

அந்த மாதம்தான் அர்னெல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். இரட்டையை வாங்குகிறவர்கள் திரையில் வந்திருந்தார்கள். அவளை அறிமுகப்படுத்தும்போது, "இவங்க ரெண்டு பேருக்குச் சாப்பிடறவங்க, அதனாலதான் இரட்டை செய்யறோம்" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மெர்லிண்டாவும் சிரித்தாள். மறுநாள் காலை கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்தவள் கையைக் கட்டிக்கொண்டாள். கேள்வி கேட்டால் பதில் இல்லை. காபி வந்தால் தொடவில்லை. அன்று முழுக்க அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி.

இதற்கு அங்கே தம்போ என்று பேர். அந்த நாட்டில் கோபத்தில் கத்துகிறவனைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள், கத்தித் தீர்த்துவிட்டு வருவான் என்று விட்டுவிடுவார்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பற்றித்தான் வீடே கவலைப்படும். அவள் எங்கும் போகவில்லை. யாராவது வந்து கொஞ்சட்டும் என்று அங்கேயேதான் இருக்கிறாள். கொஞ்ச ஆளிருக்கிறது என்ற தைரியம் உள்ளவள்தான் அப்படி முறுக்கிக்கொள்ள முடியும். அந்தத் தைரியம் போனவள் சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள். இது அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"என்ன சார், புள்ளைய நோகடிச்சிட்டு இங்க என்ன டைப் அடிச்சிக்கிட்டு இருக்கீங்க? போங்க, போய்க் கொஞ்சுங்க" என்று மனாங் சபேல்தான் அவனைக் கிளப்பினாள். அர்னெல் மலையிறங்கிப் போய்ச் சூடாக வெண்ணெய் ரொட்டி வாங்கிவந்து அவள் மேஜையில் வைத்தான். தொடவில்லை. மறுபடி போய் வாங்கிவந்தான். வைத்துவிட்டுப் போகாமல் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து அவள் ரொட்டியை அமுக்கிப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சு" என்றாள்.

சமாதானமாகிவிட்டது. ஆனால் பதிவைத் திறந்து பார்த்தபோது அந்த இரண்டு நாளும் இல்லை. வாங்குகிறவர்களோடு சிரித்த சிரிப்புக்கு அடுத்து 'ஆறிப்போச்சு' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

"எங்க சார் போச்சு ரெண்டு நாளு?"

"பேசாத நேரத்துக்குக் கணக்கு இல்ல ஆத்தே. கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா அதுவே வெட்டிடும். வாங்கறவங்க போட்ட விதி. காலியா இருக்கறதுக்கு எதுக்கு இடம்ங்கறாங்க."

"காலியா? நான் அவ்வளவு பேசியிருக்கேன், காலியாம்! அப்ப அதுக்குக் கோவிச்சுக்கவே தெரியாதா?"

"தெரியாம இருக்கறதுதான் நல்லது. பாவம் ஒரு கிழவி ஆசையாப் பேச வருவா, இது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தா? வாங்கினவன் என்னை உதைப்பான்."

இருவரும் சிரித்தார்கள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை தேர்வு. அதே பத்துச் சூழ்நிலைகளை அவளிடமும் இரட்டையிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். பத்துக்கு ஒன்பது ஒத்துப்போனால் அவளுக்கு விடுதலை. நான்காம் மாதம் எட்டு ஒத்துப்போனபோது மெர்லிண்டா பெட்டியில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஊரில் மகள் நிங்நிங்குக்குப் பதினெட்டு வயது நிறையப் போகிறது. அங்கே அது கல்யாணம் மாதிரி. நீளப் பாவாடை, பதினெட்டுப் பேர் ரோஜா கொடுத்து ஆடுவது, பதினெட்டுப் பேர் மெழுகுவர்த்தி ஏற்றி வாழ்த்துவது, கடைசியில் அம்மா எழுந்து பேசுவது. அப்பன் இல்லாத வீடு. அவன் எப்போதோ கடல் தாண்டிக் ககாயனில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் அம்மா பேசுவதுதான் அந்த வீட்டில் எல்லாம். "நீ அழுதுடுவம்மா, எனக்குத் தெரியும். மூக்கச் சிந்தாம பேசு, அது போதும்" என்று நிங்நிங் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

ஐந்தாம் மாதம் ஏழுதான் ஒத்துப்போனது. ஆறாம் மாதம் ஆறு.

விழா நாளும் தேர்வு நாளும் ஒன்றாக விழுந்தன. முடித்துவிட்டுப் பேசலாம் என்றார்கள். முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. மெர்லிண்டா போனைக் கையில் வாங்கியபோது இலோய்லோவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "கண்ணு" என்று ஆரம்பித்தாள். நிங்நிங், "ம். சரிம்மா" என்று சொல்லித் தன் சித்தியிடம் போனைக் கொடுத்துவிட்டாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு வாரா வாரம் அனுமதி வாங்கிக் கூப்பிட்டாலும் தங்கைதான் எடுத்தாள். "இங்கதான்க்கா உக்காந்திருக்கா. வரமாட்டேங்கறா. மூஞ்சி முழம் நீளத்துக்கு இருக்கு" என்றாள்.

மெர்லிண்டாவுக்கு அது வலித்தது, ஆனால் பயமில்லை. மூஞ்சி நீண்டிருக்கிறவரைக்கும் நல்லது. போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வாசலில் நின்று, அவள் திரும்பாவிட்டாலும் நின்று, பிடித்ததைச் சமைத்து வைத்து, அவள் தொடாவிட்டால் சூடு பண்ணி மறுபடி வைத்து, ஆற அமரக் கொஞ்ச வேண்டும். அதைப் போனில் செய்ய முடியாது. ஆள் வேண்டும். ரொம்ப நாள் கொஞ்ச ஆள் வராவிட்டால் முறுக்கிக்கொண்டவள் ஒருநாள் தானாக எழுந்து போய்விடுவாள், அது வேறு விஷயம். அந்த நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே கவலை.

"ஏன் சார் குறைஞ்சிக்கிட்டே போவுது? நீங்க சரியாச் சொல்லிக் குடுக்கலையா?"

அர்னெல் கீபோர்டைத் தள்ளி வைத்தான்.

"நான் சொல்லிக் குடுக்கறத நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு ஆத்தே. வாங்கறவங்களுக்கு இரட்டை ரொம்பப் புடிச்சுப் போச்சு. இது போதும், இனி தொடாதேன்னு பூட்டிட்டாங்க. உயிரோட இருக்கிற ஒருத்தி மாதிரியே இருக்குன்னு ஒரு சான்று வேணும், அதுக்குத்தான் தேர்வு."

"அப்ப?"

"அது மாறலை. நீங்கதான் மாறிட்டீங்க."

அவன் பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். கஞ்சி எறிந்த தாத்தாவுக்கு முன்பு சொன்ன பதில் நமக்குத் தெரியும். இப்போது சொன்ன பதில்: "தொடச்சிக்குவேன்." அவ்வளவுதான். குரலில் ஈரமே இல்லை. மெர்லிண்டா அதைக் கேட்டுவிட்டு, யாரோ ஒரு கிழவியை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"என்னை வீட்டுக்கு அனுப்புங்க சார், பழையபடி ஆயிடுவேன்."

"பழையபடி ஆனாத்தான் ஆத்தே அனுப்ப முடியும்."

"இது என்ன நியாயம்?"

"நியாயம் யாரு பேசறா? என் கையில என்ன இருக்கு? மேல சொல்றாங்க, நான் தட்டறேன்." நல்ல பையன்தான். நல்ல பையன்களை வைத்துத்தான் இந்த மாதிரி வீடுகள் எல்லாம் நடக்கின்றன.

மாதங்கள் போயின. மூடுபனி இறங்கும், ஏறும். ஸ்ட்ராபெரி வந்து முடிந்து மறுபடி வந்தது. உள்ளே இருக்க இருக்க அவள் மனசு கசந்தது. மனசு கசக்கக் கசக்க எண்ணிக்கை குறைந்தது. குறையக் குறைய இன்னும் உள்ளே இருக்க வேண்டியதாயிற்று. மனாங் சபேல், "நெனச்சி நெனச்சிச் சாகாத. கிளி மாதிரி அது சொல்றத நீயும் சொல்லிட்டுப் போயேன்" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே விளையாட்டாகச் சொன்னாள்.

மெர்லிண்டா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து கண்ணாடி அறைக்குச் சீக்கிரமே போக ஆரம்பித்தாள். இரட்டையிடம் அவளே கேள்வி கேட்டாள். கஞ்சி எறிந்தால்? இறந்துபோன புருஷனைக் காணோம் என்று கிழவி தேடினால்? ராத்திரி முழுக்கத் திட்டினால்? இரட்டை சொன்னதைத் தானும் திருப்பிச் சொன்னாள். எங்கே மூச்சு விடுகிறது, எங்கே சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு பேசுகிறது என்று கூர்ந்து கேட்டாள். எல்லாம் அவளுடையதுதான், அவள் வாயிலிருந்து பிடுங்கினதுதான். இருந்தாலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அவள் தன்னையே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பாத்திரம் கழுவும்போதும் அந்தக் குரலிலேயே முணுமுணுத்தாள். மனாங் சபேல் கோபமாக ஏதாவது சொன்னால்கூட, "அதுக்கென்ன மனாங், நீங்க சந்தோஷமா இருந்தா அது போதும்" என்று தேனாகப் பதில் வந்தது. கிழவி கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

எண்ணிக்கை ஏறியது. ஏழு, எட்டு. அதற்குள் தங்கை போனில் ஒரு செய்தி சொன்னாள். நிங்நிங்கின் அப்பன் ககாயனிலிருந்து கூப்பிட்டிருக்கிறான், வந்து தன்னோடு இருந்துகொண்டு படிக்கச் சொல்லியிருக்கிறான். அவளும் யோசிக்கிறாளாம்.

அடுத்த தேர்வில் புதிதாக ஒன்று வைத்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் போனில் பேச வேண்டும். மெர்லிண்டா பதில் சொல்லச் சொல்ல, அடுத்த அறையில் இரட்டை தன் பதிலை எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அத்தோடு எல்லாம் முடிந்தது. அர்னெல் மெர்லிண்டாவின் தங்கையைப் பிடித்து, தங்கை காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நிங்நிங் பேச ஒத்துக்கொண்டாள்.

மகள் என்ன சொல்லுவாள் என்று மெர்லிண்டாவுக்குத் தெரியும். குத்துகிற மாதிரி எதையாவது சொல்லிவிட்டு, அம்மா துடிக்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். அம்மா துடித்துத்தான் ஆக வேண்டும். கத்தலாம், அழலாம், இல்லை பேசாமல் இருக்கலாம். ஆனால் இரட்டை என்ன சொல்லும்? சிரித்த முகமாக ஒன்றைச் சொல்லும். அதைச் சொன்னால் விடுதலை, மகள் போச்சு. சொல்லாவிட்டால் மகள் இருப்பாள், இவள் மலையைவிட்டு இறங்க முடியாது.

கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது தோன்றியது. பேசாத நேரத்துக்குக் கணக்கில்லை! நிங்நிங் குத்தும்போது இவள் வாயை மூடிக்கொண்டால் போதும். அந்த மௌனத்தை மகள் புரிந்துகொள்வாள், அம்மாவுக்கும் முறுக்கு ஏறிவிட்டது, வலிக்கிறது, விடமாட்டாள் என்று. இயந்திரமோ அதை வெட்டி எறிந்துவிடும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற மிச்சம் மட்டும் கணக்குக்குப் போகும். அதெல்லாம் ஒத்துப்போகும். மெர்லிண்டா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். காவல்காரன் திரும்பிப் பார்த்தான்.

அன்று அர்னெல் அவள் காலரில் மைக் மாட்டினான். போன் மணி அடித்தது.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"ம்."

"சித்தி எப்படி இருக்கா?"

"இருக்கா." எதிர்முனையில் ஒரு மூச்சு. "அப்பா கூப்பிட்டாரு. அவரு கூடவே வந்துடச் சொல்றாரு. அடுத்த கப்பல்ல போலாம்னு இருக்கேன். அங்கேயே இருந்துடலாம்னு. உனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

வாயை மூடு, வாயை மூடு என்று மெர்லிண்டா தனக்குள் சொல்லிக்கொண்டாள். உதடுகள் மூடவும் செய்தன. அந்தச் சமயத்தில், யாரும் கேட்காமல், அவள் தடுக்கிறதுக்கு முன்னால், குரல் எங்கிருந்தோ பாட்டு மாதிரி எழும்பி வந்தது.

"எனக்கென்ன கண்ணு. நீ சந்தோஷமா இருந்தா அது போதும். நல்லபடியாப் போயிட்டு வா."

நிங்நிங் காத்திருந்தாள், இன்னும் ஏதாவது வருமா என்று. பிறகு "சரி" என்றாள், ரொம்ப மரியாதையாக. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த அறையிலிருந்து அர்னெல் குதித்தோடி வந்தான். "ஆத்தே! எழுத்துக்கு எழுத்து அதேதான்! அது எழுதினதும் நீங்க சொன்னதும்…" அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவனும் அந்த நாட்டில் அம்மாவுக்குப் பிறந்தவன்தானே. அந்தப் பெண் எதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள் என்பது அவனுக்கும் உறைத்துவிட்டது. "திரும்பக் கூப்பிடலாம் ஆத்தே. நான் எடுத்துத் தரேன்" என்றான். கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை.

சான்றில் கையெழுத்து வாங்கினார்கள். கை குலுக்கினார்கள். மனாங் சபேல் வழியில் சாப்பிட வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள், அழுதாள், "வாயத் தொறந்து ஒரு வாட்டி திட்டிட்டாவது போடி" என்றாள். "ஐயோ மனாங், உங்கள நான் எதுக்குத் திட்டப்போறேன்?" என்றது மெர்லிண்டாவின் வாய். பூட்டில்லாத கதவைத் தள்ளிக்கொண்டு அவள் சாலையில் இறங்கினாள். பேருந்து, மறுபடி பேருந்து, விமானம். வழி நெடுக, கண்டக்டரிடமும் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடமும் அவள் இரட்டையாகவே பேசிக்கொண்டு வந்தாள். நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. மலையில் கதவாவது திறந்திருந்தது.

இலோய்லோவில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. வீட்டு வாசலில் கட்டி வைத்த பெட்டி இருந்தது. கப்பல் அன்று மத்தியானம். தங்கை கடைக்குப் போயிருந்தாள். நிங்நிங் உள்ளேயிருந்து வந்தாள். வளர்ந்திருந்தாள். முகம் முழம் நீளத்துக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் பயந்துபோனாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, புன்னகை மட்டும் இருந்தது.

"வாங்கம்மா. பிரயாணமெல்லாம் எப்படி? களைச்சுப் போயிருப்பீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பிறந்ததிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்று கூப்பிட்ட பெண்.

"பரவாயில்ல கண்ணு. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் ஒண்ணும் இல்லம்மா. நான் மத்தியானம் கிளம்பறேன். சித்தி சொல்லியிருப்பாங்க."

"சொன்னா. நல்லபடியாப் போயிட்டு வா. அப்பாவக் கேட்டதாச் சொல்லு."

"சொல்றேம்மா."

இரண்டு பேரும் புன்னகைத்துக்கொண்டார்கள். போகாதே என்று சொல்ல வேண்டும். போனால் காலை ஒடிப்பேன் என்று கத்த வேண்டும். மெர்லிண்டா வாயைத் திறந்தால் வேறு ஒன்று வருகிறது. அடுத்து என்ன வரும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது: நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு, சில்லென்ற காற்றில் நிற்காதே. அது தொண்டைவரை வந்துவிட்டது. அவள் மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வலது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா? என்னாச்சு? வாந்தி வருதா?"

மெர்லிண்டா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிங்நிங் சமையலறைக்குப் போனாள். துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு சூடாகிற வாசனை வந்தது. அது இருவருக்கும் பிடித்தது.

"சாப்பாடு போட்டாச்சும்மா. வாங்க" என்ற குரல் பணிவாக வந்தது.

மெர்லிண்டா அசையவில்லை. உள்ளங்கைக்குள் சொற்கள் முட்டின. இதோ வந்துட்டேன் கண்ணு, உனக்கு எதுக்குக் கஷ்டம். அவள் இன்னும் இறுக்கிப் பொத்தினாள். பல் உதட்டில் பதிந்தது.

"அம்மா, ஆறிப்போயிடும்."

தெருவில் ஒரு ஜீப்னி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கூப்பிடறேன்ல? காதுல விழலையா?"

பணிவு கொஞ்சம் தேய்ந்திருந்தது. மெர்லிண்டா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது கைக்குள் இறங்கி உப்புக் கரித்தது. மூக்கைச் சிந்தவில்லை.

அப்போது உள்ளே டங்கென்று ஒரு சத்தம். சட்டி மூடியைக் கடாசிய சத்தம்.

"பசிக்கலைன்னா கிட! எனக்கென்ன வந்துச்சு? நான் ஆடினப்ப நீ எங்க இருந்த? எல்லாரும் ரோஜா குடுத்தாங்க, மெழுகுவத்தி ஏத்தினாங்க, கடைசியில மைக்க வச்சிக்கிட்டு உன் நாற்காலியப் பாத்துக்கிட்டே நின்னேன்! போறேன்னு சொன்னா, போயிட்டு வான்னு சொல்ற! இப்ப மட்டும் என்ன மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்க?"

இன்னொரு மூடி விழுந்தது. அதற்கு மேல் ஒரு கரண்டி. உலகத்தில் இத்தனை அழகான சத்தத்தை மெர்லிண்டா கேட்டதில்லை. அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. பொத்திய கையை மட்டும் எடுக்கவில்லை.

காலடிகள் தொம்தொம்மென்று வந்தன. படியில் அவள் பக்கத்தில் ஒரு தட்டு அறைந்து வைக்கப்பட்டது. குழம்பு தளும்பி அவள் பாவாடையில் தெறித்தது, சூடாக. "தின்னு" என்றாள் நிங்நிங். மெர்லிண்டா தொடவில்லை. நிங்நிங் போகவும் இல்லை. இரண்டு படி கீழே, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தட்டில் ஆவி அடங்கியது. நிங்நிங் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பவும் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. ஒருமுறை, நீளமாக. நிங்நிங்கின் தோள் அசையவில்லை. பெட்டி வாசலிலேயே இருந்தது. இரண்டு பேரும் பேசவில்லை.